மக்கள் தாம்பரம் தாண்டிப் போய்விட்டார்கள். தண்ணீரும் வாக்கும் எப்போது வரும்?

செம்பாக்கம்வாசி

சென்னை பெருத்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தப் பக்கம் பெருத்தது என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களில் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கிறது. 2001-இல் சென்னை மாவட்டத்தில் 43.4 லட்சம் பேர். 2011-இல் 46.5 லட்சம். பத்து ஆண்டில் கூடியது 7 சதவீதம்தான். அதே காலத்தில் தமிழ்நாடு முழுவதும் 15.6 சதவீத வளர்ச்சி. அதாவது தலைநகரம் மாநிலச் சராசரியில் பாதிகூட வளரவில்லை. பக்கத்திலேயே, செங்கல்பட்டையும் சேர்த்துக்கொண்டிருந்த பழைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம், திருவள்ளூர் 35 சதவீதம் வளர்ந்திருக்கின்றன. ஊருக்குள் பிறக்கும் குழந்தைகளையும், வேலை தேடி வந்து சேர்பவர்களையும் மனத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளேயிருந்து எவ்வளவு பேர் மூட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது புரியும்.

பெயர்ப் பலகைகள் மாறிவிட்டன, அதை மறுக்கவில்லை. 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2019-இல் ஆவடி மாநகராட்சி, அதே ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டம். 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி. எங்கள் வீட்டு வரி ரசீதில்கூட மாநகராட்சி என்று வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரியைக் கூப்பிடுகிறோம். கோடையில் தண்ணீருக்கு இன்னொரு லாரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தெற்குப் புறநகரில் இருக்கும் சோழிங்கநல்லூர் தொகுதியின் வாக்காளர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். பழைய நகருக்குள் இருக்கும் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர்தான். ஏனென்றால் தொகுதி எல்லைகள் 2001 கணக்கெடுப்பை வைத்து வரையப்பட்டவை. சோழிங்கநல்லூரில் அன்றைக்கு இருந்த கூட்டமே வேறு.

மக்கள் இடம் மாறி இருபது ஆண்டு ஆகப்போகிறது. நிதி, தண்ணீர், பேருந்து, வாக்கின் எடை எல்லாம் இன்னும் பழைய முகவரியில் இருக்கின்றன. இதைப் பற்றி இங்கே இருப்பவர்கள் உங்கள் பக்கத்து நிலவரத்தை எழுதுங்கள்.

மயிலை மாடவீதி

நல்ல இழை. நான் உள்ளே இருந்து காலி ஆகாதவர்களில் ஒருவன், அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஆட்கள் குறைந்ததற்கு நெரிசல் காரணம் இல்லை. பெரும்பாலும் பாகப்பிரிவினைதான். அப்பா பெயரில் ஒரு மனை, பிள்ளைகள் நாலு பேர். யாரும் யாருக்கும் பணம் கொடுத்துப் பங்கை வாங்க முடியாது. கட்டுமானக்காரரிடம் கொடுத்து அடுக்ககம் கட்டுகிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு கிடைக்கிறது. அதை விற்றால் சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ இரண்டு வீடு வாங்கலாம். விற்றுவிட்டுப் போகிறார்கள். வாங்குகிறவர் அங்கே குடியிருப்பதில்லை. கீழ்த்தளம் மருந்துக் கடையாகிறது, முதல் மாடி பல் மருத்துவமனை, மேலே ஆடிட்டர் அலுவலகம். பகலில் நிற்க இடம் இருக்காது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விளக்கு எரியும் வீடுகளை எண்ணிவிடலாம்.

வாடகைதாரர்கள் நிலை இதைவிட மோசம். பத்து மாத முன்பணம் கேட்பது சென்னையில் நெடுநாள் பழக்கம். 2017-இல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. நடைமுறையில் யார் கேட்கிறார்கள்? சட்டத்தைக் காட்டிப் பேசினால் "வேற வீடு பார்த்துக்குங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த முன்பணத் தொகையில் ஊரப்பாக்கத்தில் வீட்டுக்கடனின் முதல் தவணைகளைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம்.

ஒரகடம் ஷிப்ட்

செம்பாக்கம் சார், ஒரு திருத்தம். புறநகரில் இருக்கும் எல்லோரும் சென்னைக்குள் இருந்து வந்தவர்கள் என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்குத் திருவண்ணாமலைப் பக்கம். படிப்பு முடிந்து நேராக ஸ்ரீபெரும்புதூர் வந்தேன். மெரினாவைப் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்து வெகு நாள் கழித்துத்தான்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 90-களின் கடைசியில் வந்தது. அப்புறம் வரிசையாகக் கார் உதிரிபாகம், கைபேசி, மின்னணு ஆலைகள். நோக்கியா 2006-இல் தொடங்கி 2014-இல் மூடிய கதை எல்லோருக்கும் தெரியும். அது மூடியபோது எங்கள் பக்கம் வாடகை அறைகள் காலியானதை வீட்டுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். இங்கே ஊர் வளர்வதும் தளர்வதும் ஆலை வாசலைப் பொறுத்தது. ஒரு அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்குகிறோம். குடும்ப அட்டை ஊரில், வாக்கு ஊரில், ஆதார் முகவரி ஊரில். கணக்கெடுப்பில் நாங்கள் எங்கே எழுதப்படுகிறோம் என்றே தெரியவில்லை.

பெரும்பாக்கம் எட்டாவது மாடி

பாகம் பிரித்துப் போனவர்கள், வேலைக்கு வந்தவர்கள் பற்றி எழுதிவிட்டீர்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூவம் கரை, அடையாறு கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம் என்று இருந்த குடும்பங்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், அப்புறம் பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வேகம் கூடியது. எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். எங்கள் அம்மா சேத்துப்பட்டில் நாலு வீட்டில் வேலை செய்தார். நடந்து போகும் தூரம். இங்கே வந்த பிறகு இரண்டு பேருந்து மாற வேண்டும், ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு வீடாக வேலை போனது. அப்பாவுக்கு மீன் ஏற்றும் வேலை. காசிமேட்டுக்கு இங்கிருந்து எப்படிப் போவது? தங்கை பத்தாம் வகுப்பு நடுவில் பள்ளி மாற்றப்பட்டாள்.

வீடு கான்கிரீட், கழிப்பறை உள்ளேயே இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி எங்களைக் கொண்டுவந்த இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பெரும்பாக்கத்துச் சாலைகளில் படகு போனது. எட்டாவது மாடியில் தண்ணீர் ஏறாது, சரி. மின்தூக்கி நின்றால் என் பாட்டி எப்படி இறங்குவார்?

நீங்கள் எல்லோரும் புறநகருக்குக் "குடிபெயர்ந்தோம்" என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு ஒரு நாள் டோக்கன் கொடுத்தார்கள்.

செம்பாக்கம்வாசி

பெரும்பாக்கம் தம்பி, நீங்கள் எழுதியதை இங்கே எல்லோரும் படிக்க வேண்டும். நான் முதல் பதிவில் சொன்ன 39 சதவீதத்துக்குள் கண்ணகி நகரும் இருக்கிறது. விருப்பப்பட்டு வந்தவருக்கும் கொண்டுவந்து விடப்பட்டவருக்கும் புள்ளிவிவரத்தில் ஒரே கட்டம்தான்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. மறுகுடியமர்வுக்கு ஆகும் செலவில் வீட்டுக்குத்தான் எப்போதும் முதலிடம். பேருந்துத் தடமும் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் குடும்பங்கள் வந்து சேர்ந்த பிறகு, போராட்டம் நடந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வருகின்றன. வேலை நடந்து போகும் தூரத்தில் இருந்தவர்களை அங்கேயே, அதே வட்டாரத்தில் அடுக்குமாடி கட்டிக் குடியமர்த்துவதுதான் நியாயம்.

நாவலூர் பூர்வீகம்

இந்த இழையில் எல்லோரும் வந்தவர்கள். நான் இங்கேயே இருந்தவன்.

நீங்கள் ஓஎம்ஆர் என்று சொல்வது எங்களுக்கு மாமல்லபுரம் போகும் பழைய ரோடு. இரண்டு பக்கமும் கழனி, கிழக்கே சவுக்குத் தோப்பு, கேளம்பாக்கம் போனால் உப்பளம். 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா வந்தது. அப்புறம் சிறுசேரி சிப்காட். தரகர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். சென்ட் கணக்கில் பேசிய நிலத்தைச் சதுர அடியில் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் பெரியப்பா விற்ற விலையைக் கேட்டால் இன்றைக்கு ஒரு அடுக்ககத்தில் கார் நிறுத்தும் இடம்கூட வராது. விற்ற பணத்தில் ஒரு கார், ஒரு கல்யாணம், ஒரு மாடி வீடு. பிள்ளைகள் இன்றைக்கு அதே நிலத்தில் எழுந்த கட்டடத்துக்குக் காவலாளியாகவும் ஓட்டுநராகவும் போகிறார்கள். எங்கள் ஊரில் பல வீடுகளில் இது நடந்தது.

நிலம் போனது ஒரு பக்கம். ஏரி நீர் போகும் வழியும் அதோடு போனது, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இந்தப் பக்கம் ஏரிகள் ஒன்றோடொன்று தொடுத்தவை. ஒன்று நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்ததற்கு, கடைசியில் சதுப்புக்கும் கழிவெளிக்கும் போகும். மதகு எந்தக் கழனிக்குத் திறக்கும், உபரி நீர் எந்த வாய்க்காலில் ஓடும் என்பது ஊரில் பெரியவர்களுக்கு மனப்பாடம். மனை போட்டவர்கள் வாய்க்காலைத் தூர்த்தார்கள். மாடு மேய விட்ட மேய்க்கால் புறம்போக்கு, ஏரித் தண்ணீர் நிற்கும் உள்வாய் எல்லாம் நகர் நகராக எழுந்தன. வாங்கிய மக்களுக்கு இது தெரியாது. அவர்கள் கேட்டது ஒப்புதல் உண்டா, வங்கிக் கடன் கிடைக்குமா என்பதுதான். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம். அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடும் சாலையும் கட்டடமுமாக ஆகிவிட்டது.

இனி மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பத்திரத்தோடு நிற்காமல், அந்தச் சர்வே எண் பழைய பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். பக்கத்துக் கிராமத்தில் வயசான யாரையாவது கேளுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை போய் நின்று பாருங்கள்.

டோம்பிவிலி

மும்பையில் இதெல்லாம் உங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அங்கே தலைநகர் மாவட்டம் வளர்ச்சி குறைந்ததோடு நிற்கவில்லை, ஆட்களே குறைந்தார்கள். மும்பை தீவு நகரில் 2001-இல் 33.4 லட்சம், 2011-இல் 30.9 லட்சம். அதே பத்து ஆண்டில் பழைய தாணே மாவட்டம் 36 சதவீதம் கூடி ஒரு கோடியே பத்து லட்சத்தைத் தாண்டியது. அன்றைக்கு இந்தியாவிலேயே அதிக மக்கள் வாழ்ந்த மாவட்டம் அதுதான். கொல்கத்தா மாவட்டமும் அப்போது 45.7 லட்சத்திலிருந்து 45 லட்சத்துக்கு இறங்கியது.

1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலை நிலங்களில் கோபுர அடுக்ககங்களும் வணிக வளாகங்களும் வந்தன. தொழிலாளிக் குடும்பங்கள் கல்யாண், டோம்பிவிலி, விரார் என்று போயின. மாட்டுங்காவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் செம்பூர், முலுண்ட், பிறகு எங்கள் டோம்பிவிலி என்று நகர்ந்ததும் இதே ஓட்டத்தில்தான். எங்கள் அப்பா தலைமுறை வேலை தெற்கு மும்பையில், வீடு இங்கே. வாழ்நாளில் பாதி ரயிலில் கழிந்தது என்பது மிகையில்லை.

சென்னைக்காரர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்று உண்டு. ரயில் முன்னால் போய், வீடு பின்னால் வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். வீடு முன்னால் போய் ரயில் பின்னால் வந்தால் ஒரு தலைமுறை சாலையில் நின்றே போய்விடும்.

செம்பாக்கம்வாசி

டோம்பிவிலி அண்ணா சொல்வதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் காட்டுக்கு மாறியது 1937-இல். மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை எல்லாம் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. இன்றைக்கும் அந்தத் தடத்தில் வீடு இருப்பவர் கொடுத்துவைத்தவர்.

ராஜீவ் காந்தி சாலையில், அதாவது ஓஎம்ஆரில், நேர் எதிர். அலுவலகம் முதலில், அடுக்ககம் அடுத்து, ஆறுவழிச் சாலை, அதற்குச் சுங்கம், எல்லாம் ஆன பிறகுதான் மெட்ரோ. இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டருக்கு மூன்று தடங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போவது அதில் ஒன்று. முதல் மென்பொருள் பூங்கா வந்து இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் தூண்கள் நிற்கின்றன.

படூர் அடுக்ககச் செயலர்

தண்ணீர்க் கணக்கை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், சரி, நானே எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பின் மாதப் பராமரிப்புத் தொகையில் மிகப் பெரிய செலவு லாரித் தண்ணீர். அடுத்தது வளாகத்துக்குள்ளேயே ஓடும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். 2019 வறட்சியில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடை நினைவிருக்கும். அப்போது இந்தச் சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. வீட்டிலும் அதே லாரிதான். லாரிகள் எடுப்பது எங்கிருந்து? திருப்போரூர்ப் பக்கம் விவசாயக் கிணறுகளிலிருந்து. நாவலூர் ஐயா சொன்ன கழனிகளின் மிச்சமும் எங்கள் தொட்டிக்குள்தான் வந்து விழுகிறது.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இல் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. ஆலை எங்களுக்குப் பக்கம், குழாய் எங்களைத் தாண்டிப் போகிறது.

மாலை 7.10

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் எங்களுக்குக் கட்டணம் இல்லை. நகருக்குள் இருக்கும் அக்காவுக்கு அது மாதம் நல்ல மிச்சம். எங்கள் பக்கம் சாதாரணப் பேருந்து வருவதே அபூர்வம், அதனால் ஷேர் ஆட்டோவுக்குத்தான் கொடுக்கிறோம். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் பயம். தெருவிளக்கு இல்லாத மனைப்பிரிவுகள், பாதி கட்டி நிற்கும் வீடுகள், நாய்கள். எட்டு மணிக்கு மேல் ஷிப்ட் என்றால் வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்கள். என்னோடு படித்த சிலர் கல்யாணமாகி முடிச்சூர், மண்ணிவாக்கம் போன பிறகு வேலையை விட்டது இதனால்தான். வெளியூர்ப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் 2023 கடைசியில் திறந்தபோது ஊருக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். சுற்றியிருக்கும் நகர்களுக்குச் சிற்றுந்து விடுங்கள் என்று நாங்கள் கேட்பது யார் காதிலும் விழவில்லை.

நிலைப்பாடு மாறாது

எல்லோரும் வசதியை வெளியே கொண்டுவா என்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். அவ்வளவு பரப்புக்குக் குழாய் போட யாரிடம் பணம் இருக்கிறது? ஒவ்வொரு வசதியும் போகப் போக, அதற்கும் அப்பால் பத்து மனைப்பிரிவு முளைக்கும். மிச்ச ஏரிகளும் போகும். உள்ளே அடர்த்தியாகக் கட்டுவதுதான் வழி. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக ஏற்கெனவே உயர்த்திவிட்டார்கள்.

மயிலை மாடவீதி

உயர்த்தியதால் எங்கள் தெருவில் என்ன வந்தது தெரியுமா தம்பி? நாலு வீடு இருந்த மனையில் நாலு பெரிய வீடு. ஒவ்வொன்றும் கோடிகளில். ஆசிரியரோ செவிலியரோ மாநகராட்சி ஊழியரோ வாங்கக்கூடிய வீடு ஒன்றுகூட இல்லை. உள்ளே அடர்த்தி கூட வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். அதற்குச் சிறிய வீடு, வாடகை வீடு கட்ட அரசே இறங்க வேண்டும். கட்டட விதியை மட்டும் தளர்த்தினால் காலி வீடுகள்தான் கூடும்.

செம்பாக்கம்வாசி

நிலைப்பாடு நண்பரே, ஏரியை இனிமேல் தொடக்கூடாது என்பதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் இன்றைக்கே வெளியே வந்து குடியிருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மேடவாக்கம், கோவிலம்பாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் 2011-இல் மாநகராட்சி விரிந்தபோது உள்ளே வராமல் ஊராட்சிகளாகவே நின்றவை. ஊர் அளவுக்கு வளர்ந்தும் ஊராட்சி நிர்வாகத்திலேயே இருக்கும் இடங்களைக் கணக்கெடுப்பு நகர்கள் என்று தனியாகக் குறிக்கிறார்கள்: 5,000 பேருக்கு மேல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயத்துக்கு வெளியே. இந்தியா முழுக்க 2001-இல் 1,362 இருந்தவை 2011-இல் 3,894 ஆயின. ஓர் ஊராட்சிச் செயலரும் நாலைந்து தூய்மைப் பணியாளர்களும் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் குப்பையை எப்படி அள்ளுவது? நிதியைப் பிரிக்கும்போது மக்கள்தொகைதான் முக்கிய அளவுகோல், அதுவும் 2011 எண். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு ஒரு பைசா ஒதுக்கீடு கிடையாது.

அதனால்தான் வரப்போகும் கணக்கெடுப்பை விடக்கூடாது என்கிறேன். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில், மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து. உங்கள் நகரில் விடுபட்ட தெரு, புதுத் தெரு, பூட்டிய வீடு எது என்று குடியிருப்போர் சங்கங்கள் இப்போதே பட்டியல் எடுத்து வையுங்கள்.

ஒரகடம் ஷிப்ட்

சார், நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. வாக்கு திருவண்ணாமலையில், அறை இங்கே. எங்கே எழுதச் சொல்ல வேண்டும்?

செம்பாக்கம்வாசி

மன்னிக்கவும் தம்பி, விட்டுப்போனது. வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் எண்ண வேண்டும். ஆதார் முகவரி, வாக்காளர் அட்டை எதுவும் இதற்குப் பொருட்டில்லை. நீங்கள் தங்கும் அறையில், உங்களோடு இருக்கும் அத்தனை பேர் பெயரையும் சொல்லுங்கள். இரவு ஷிப்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்களை வீட்டுக்காரர் விட்டுவிட்டுச் சொல்லக்கூடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் அம்மா அப்பாவிடமும் சொல்லிவையுங்கள், பாசத்தில் உங்கள் பெயரை அங்கேயும் கொடுத்துவிடப் போகிறார்கள்.

பெரும்பாக்கம் எட்டாவது மாடி

எங்கள் பிளாக்குகளில் நாங்களே வீடு வீடாகப் போகிறோம். படிவம் என்ன கேட்கும் என்று தெரிந்தவர்கள் ஒரு ஞாயிறு வந்து சொல்லிக்கொடுத்தால் உதவியாக இருக்கும். சமுதாயக் கூடம் இருக்கிறது.

மாலை 7.10

நான் வருகிறேன். பகலில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பப் பேருந்து வேண்டும்.